பிராசஸருக்குச் சந்தனம்

அருப்புக்கோட்டை வாகைமரத் தெருவில் பாண்டீஸ்வரியின் கம்ப்யூட்டர், இன்னும் நடக்காத கல்யாணங்களுக்கு வீடியோ முடித்துக் கொடுக்க ஆரம்பித்த அந்தச் சித்திரை மாசத்தில், காக்காய்கள் தண்ணீர்த் தொட்டியிலேயே குடியிருந்தன, தார் ரோட்டில் செருப்பை ஒட்டவிட்டு ஆட்கள் மட்டும் வீடு வந்து சேர்ந்தார்கள், ஆனாலும் ஊரில் ஒரு முகூர்த்தம்கூடத் தள்ளிப்போகவில்லை, ஏனென்றால் நம் ஜனங்களுக்கு வெயில் உச்சியைப் பிளக்கும்போதுதான் பட்டுச்சேலையும் கோட்டும் சூட்டும் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

பாண்டீஸ்வரிக்கு இருபத்தேழு வயது. கல்யாண வீடியோ எடிட் செய்வது தொழில். வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. படம் எடுப்பவர்கள் ஊரில் பத்துப் பேர் இருந்தார்கள், ஆனால் வெட்டுவதற்குப் பாண்டீஸ்வரியை விட்டால் ஆள் கிடையாது என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சம்பந்திகள் சட்டையைப் பிடித்துக்கொண்டது, மணப்பெண் தேம்பித் தேம்பி அழுதது, பந்தியில் இலையை மூடிவிட்டு எழுந்து போன பங்காளி, எல்லாவற்றையும் அலுங்காமல் குலுங்காமல் வெட்டி எடுத்துவிட்டு, வெட்டின இடத்தில் ரோஜா இதழ்களைப் பறக்கவிடுவாள். மேலே இருந்து கொத்துக் கொத்தாக இதழ் விழும், அது கலைந்ததும் எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். 'அந்தப் புள்ள ரோஜாப்பூ போடுறது ஒரு தனி அழகு' என்று ஊரே மெச்சியது. எத்தனை பூ விழுகிறதோ அத்தனை சண்டை நடந்திருக்கிறது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். முந்நூறு கல்யாணங்களை அவள் இப்படி வெளுத்துக் கொடுத்திருந்தாள்.

அப்பா சோலையப்பன் அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டர். மதுரை ரூட்டில், நூற்றிருபது பேர் பிதுங்கும் வண்டியில், ஒரு கையில் டிக்கெட்டும் மறு கையில் சில்லறையுமாக, எந்தக் கம்பியையும் பிடிக்காமல் நின்ற மனுஷர். டிரைவர் என்னதான் பிரேக்கை மிதித்தாலும் சாய மாட்டார். ரிட்டயர் ஆன பிறகும் வீட்டில் நின்றுகொண்டேதான் காப்பி குடிப்பார். அம்மா பேச்சியம்மாள், அந்தக் காப்பியை முப்பது வருஷமாக ஆற்றிக் கொடுத்தவள்.

கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையிலேயே அடிமட்டத்திலிருந்து இரண்டாவது மதர்போர்டு அது. பிராசஸருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற சில்லுகளின் மேல் சூடு வாங்க ஒரு தகடுகூடக் கிடையாது, எல்லாம் வெறும் மேனியாக நின்றுகொண்டிருக்கும். "இதுல வேகத்தை ஏத்துறது, ஓவர்கிளாக், அது மட்டும் பண்ணிடாதம்மா, தாங்காது" என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். செய்யாதே என்று சொல்லி விற்கிற சாமானை நம் ஆட்கள் வேறு எதற்கு வாங்குவார்கள்? ஒரு கல்யாண வீடியோ முடிந்து வெளியே வர ஒன்பது மணி நேரம் ஆயிற்று, வைகாசிக்கு இருபத்திரண்டு கல்யாணம் வரிசையில் நின்றது. பாண்டீஸ்வரி, கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற பயாஸுக்குள் போய், மூன்று புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த பிராசஸரை நான்கு புள்ளி ஒன்றுக்கு ஏற்றினாள், வோல்டேஜைக் கொஞ்சம் தூக்கினாள், கோபுரம் மாதிரி ஒரு கூலரை வாங்கி மேலே நிறுத்தினாள், கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தாள். காற்றைத் தவிர வேறு எதையும் வாங்கிக் குளிரவைக்க வசதியில்லாதவர்கள் செய்வதெல்லாம் செய்தாள்.

திரையில் சூடு தொண்ணூற்றெட்டு என்று காட்டியது.

"தொண்ணூத்தெட்டுன்னா நார்மல்தானடி" என்றாள் பேச்சியம்மாள், காய்ச்சல் பார்க்கிற கருவியைத் தவிர வேறு டிகிரியை அறியாதவள்.

"அம்மா, இது வேற டிகிரி."

நூறு காட்டியதும் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது. "நூறு வந்துட்டா யாருக்குமே படுக்கத்தான் தோணும்" என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் உள்ளே போனாள்.

கூலரைக் கழற்றிப் பார்த்தால், பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசுகிற பேஸ்ட், கடையில் ஓசியாகக் கொடுத்தது, சுவரில் காய்ந்த சுண்ணாம்பாகப் பெயர்ந்து வந்தது. புதுப் பேஸ்ட் கூரியரில் வர ஐந்து நாள் ஆகும் என்றார்கள். நாளைக் காலையில் பென்டிரைவ் கேட்டு ஒரு மாமியார் வருவாள். அந்த நேரம் பேச்சியம்மாள், சோலையப்பனின் முதுகு வேர்க்குருவுக்கு அரைத்த சந்தனத்தில் மிச்சத்தைக் கிண்ணத்தோடு கொண்டுவந்து நீட்டி, "சூடுதானே, இதைப் பூசு" என்றாள். இந்த ஊரில் சூட்டுக்கட்டிக்கும் சந்தனம், கண் எரிச்சலுக்கும் சந்தனம், கோபக்கார மருமகனுக்கும் சந்தனம். பாண்டீஸ்வரி பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ், முதல் வகுப்பு. அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள், பிறகு பூசினாள்.

முப்பத்தொன்று என்று காட்டியது.

அறையின் சூடு முப்பத்தொன்பது. காற்றால் குளிர்விக்கிற பொருள் அந்தக் காற்றைவிடக் குளிராகவே முடியாது என்று அவள் படித்த புத்தகத்தில் இருந்தது. புத்தகம் எழுதியவருக்கு வேர்க்குரு வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டு, பாண்டீஸ்வரி நான்கு புள்ளி ஆறுக்கு ஏற்றினாள், ஐந்து புள்ளி இரண்டுக்கு ஏற்றினாள், ஆறுக்கு மேல் பயாஸில் இடமே கிடையாது, ஆனாலும் எண் ஏறிக்கொண்டே போனது, ஏழு, எட்டு, ஒன்பது புள்ளி நான்கு, கூலரின் ஃபேன் கோயில் யானை காது ஆட்டுகிற வேகத்தில் ஆடிக்கொண்டிருந்தது, அறையெங்கும் கருவறை வாசம். ஒன்பது மணி நேர வேலை முக்கால் மணியில் முடிந்தது, அடுத்தது மூன்று நிமிஷத்தில் முடிந்தது, அதற்கடுத்தது கேமராக் கார்டைச் செருகுவதற்குள் முடிந்தது, வெள்ளிக்கிழமையன்று, ஒன்பது நாள் கழித்து நடக்கப்போகிற பருத்திக்கடை வீட்டுக் கல்யாணத்துக்குப் பெயரை மட்டும் அடித்து வைப்போம் என்று திறந்தால், இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு வீடியோ தயாராக இருந்தது. தாலி கட்டி, பந்தி முடிந்து, வரவேற்பில் மழை பெய்து, ரோஜா இதழ் நான்கு இடத்தில் பறந்திருந்தது.

பருத்திக்கடை வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். எட்டுப் பேர் வந்து உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார்கள். இது எப்படி என்று அவர்களில் ஒருத்தர் கேட்டிருக்கலாம். "பெரியத்தை ஏன் அந்தப் பச்சைச் சேலையைக் கட்டியிருக்காக?" என்றுதான் கேட்டார்கள். ஒன்பதாம் நாள் பெரியத்தை, யார் சொல்லியும் கேட்காமல், அதே பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மழையும் பெய்தது.

அதற்கப்புறம் வாகைமரத் தெருவில் சுபகாரியங்களுக்கு ஒரு படி கூடிவிட்டது. பெண் பார்ப்பது, பூ வைப்பது, படம் பார்ப்பது. படம் பார்க்கிற அன்றைக்குத் தட்டுத்தாம்பாளம் வைத்தார்கள், கேபினெட்டுக்குப் பொட்டு வைத்தார்கள், வெள்ளிக்கிழமைதோறும் பேச்சியம்மாள் கூலரைக் கழற்றச் சொல்லிப் புதுச் சந்தனம் அரைத்துப் பூசினாள். ஜோசியர் முதலில் முகம் சுளித்தார், பிறகு படத்தைப் பார்த்துவிட்டு ஜாதகத்தைக் கணித்தார், அன்றிலிருந்து அவர் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை. மூன்றாம் பந்தியில் பாயசம் தீர்ந்துபோவதைப் படத்தில் பார்த்த ஒரு வீட்டுக்காரர் இரண்டு மடங்கு போடச் சொன்னார், படத்தைப் பார்த்த ஊர் ஜனம் மொத்தமும் முதல் இரண்டு பந்தியிலேயே உட்கார்ந்து மூன்று மூன்று தம்ளர் குடித்தது, மூன்றாம் பந்தியில் பாயசம் தீர்ந்துபோயிற்று. முருகேசபாண்டி என்ற தாய்மாமன், மேடையில் தான் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, எதற்காக முறைக்கிறோம் என்று தெரியாமல் பதினைந்து நாள் தூங்காமல் தேடினார், கடைசியில் பத்திரிகையில் தன் பெயருக்கு முன்னால் 'திரு' இல்லாததைக் கண்டுபிடித்து, அப்பாடா என்று முறைத்தார்.

படத்தில் வந்தது வந்ததுதான் என்பது இரண்டே மாசத்தில் பழமொழி ஆகிவிட்டது. பாண்டீஸ்வரிக்கும் அதில் பெருமைதான், இல்லாமல் என்ன? கடைக்காரர் தாங்காது என்று சொன்ன போர்டு ஊரையே தாங்கிக்கொண்டிருந்தது.

ஆவணியில் அவளுக்கே வரன் வந்தது. கோவில்பட்டிப் பையன், பெயர் கோகுலன், பெங்களூரில் வேலை. போனில் பேசினால் 'ம்ம்' என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்வான். அவனுக்கு அப்பா இல்லை. பெரியப்பா ராஜாமணிதான் எல்லாம், ரோடு கான்ட்ராக்டர், குரலும் ரோடு போடுகிற குரல்தான். பூ வைத்தாயிற்று, வெள்ளிக்கிழமை படம் பார்க்க வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆட்களுக்குக் காட்டும் முன் தான் ஒரு தடவை பார்த்துவிடுவது பாண்டீஸ்வரியின் வழக்கம். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, கதவைச் சாத்திக்கொண்டு, தன் பெயரையும் கோகுலன் பெயரையும் அடித்துத் திறந்தாள்.

இரண்டு மணி நான்கு நிமிஷப் படம். நன்றாகத்தான் இருந்தாள். கொண்டை கொஞ்சம் பெரிசு. அம்மா எல்லாரையும் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு மணி பன்னிரண்டாவது நிமிஷத்தில், மாப்பிள்ளை கார் மண்டப வாசலில் வந்து நிற்கிறது, ஆரத்தி சுற்றிச் சிவப்புத் தண்ணீரை வாசலில் கொட்டுகிறார்கள், அப்பா கும்பிட்டபடி முன்னால் வருகிறார், மேலே இருந்து கொத்துக் கொத்தாக ரோஜா இதழ் விழுகிறது, இதழ் கலைந்ததும் எல்லாரும் சிரித்துக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள்.

பாண்டீஸ்வரி நிறுத்தினாள். பின்னால் தள்ளிப் பார்த்தாள். பூ விழுவதற்கு முன்னால் அப்பாவின் வேட்டி வெள்ளை. பூ விழுந்த பிறகு, இரண்டு முழங்காலிலும், ஆரத்தித் தண்ணீரின் சிவப்பில், வட்டமாக இரண்டு கறை.

கல்யாண வேட்டியில் கறை பட்டிருக்கிறது, ஆரத்தித் தண்ணீர் தெறித்திருக்கும் என்று வேறு யாராக இருந்தாலும் நினைப்பார்கள். தெறித்தால் வட்டமாகத் தெறிக்காது. மண்டி போட்டால்தான் வட்டம் வரும். முந்நூறு கல்யாணத்தை வெட்டினவளுக்கு அது தெரியாதா? அப்பாவை மண்டி போட வைத்தது யார் என்று தெரியவில்லை, ஆனால் அதை வெட்டிவிட்டுப் பூப் போட்டது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பூ அவள் கைப் பூ. ஊரில் வேறு எவளுக்கும் அப்படி விழாது.

அங்கே உட்கார்ந்தபடியே, இதை நான் வெட்ட மாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி திறந்தாள். இந்தத் தடவை இயந்திரம் முக்கியது. ஒன்பது புள்ளி நான்கு போதவில்லை, பதினொன்றுக்கு ஏற்றினாள், வோல்டேஜைக் கடைக்காரர் மன்னிக்கவே மாட்டாத உயரத்துக்குத் தூக்கினாள், சந்தன வாசத்தினடியில் முதல்தடவையாக லேசான தீய்ந்த நாற்றம் வந்தது, ஃபேனின் யானைக் காது கொஞ்சம் வேகமாக ஆடியது. வீடியோ வந்தது. நாற்பத்தேழு விநாடி கூடியிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு, கோகுலன் வீட்டார் ஒன்பது பேர், ராஜாமணி தலைமையில் வந்து இறங்கினார்கள். தெருவும் வந்து வாசலில், ஜன்னலில், எதிர்வீட்டு மாடியில் நின்றது. பலகாரம் சுடும் மும்முரத்தில் பேச்சியம்மாள் அன்றைக்குச் சந்தனம் அரைக்க மறந்துபோனாள். சோலையப்பன் சுவரோரமாக நின்றுகொண்டார். பாண்டீஸ்வரி யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஓட்டினாள்.

ஒரு மணி பன்னிரண்டாவது நிமிஷம் வந்தது. கார் நின்றது, சிவப்புத் தண்ணீர் கொட்டியது, பூ விழவில்லை. காரிலிருந்து சட்டையெல்லாம் நனைந்து இறங்கிய திரை ராஜாமணி, "கோவில்பட்டிலருந்து வெந்துக்கிட்டு வாரோம்யா! வண்டில ஏசி ஓடல, மாப்பிள்ளைக்கு அனுப்புற வண்டியா இது? திருப்புங்கடா வண்டியை, தாலியும் வேணாம் ஒண்ணும் வேணாம்!" என்று கத்தினார். திரை சோலையப்பன் ஏதோ சொல்லப் பார்த்தார், முடியவில்லை, துண்டை எடுத்தார், அந்தச் சிவப்புத் தண்ணீரில் இரண்டு முழங்காலையும் ஊன்றி, கையைக் கூப்பினார். மாப்பிள்ளை மாலையைச் சரி செய்துகொண்டிருந்தான். மண்டபத்துக்குள்ளிருந்து, பெரிய கொண்டையோடு எட்டிப் பார்த்த பாண்டீஸ்வரி, அப்பாவைப் பார்த்தாள், கேமராக்காரரைப் பார்த்தாள், இரண்டு விரலைக் கத்தரிக்கோலாக வைத்து 'வெட்டு' என்று சாடை காட்டினாள்.

பிறகு ஜன்னலில் நின்ற முருகேசபாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏசிய முன்னாடியே பாத்துறணும்" என்றார்.

அவ்வளவுதான், ஊர் பிடித்துக்கொண்டது. கேஸ் தீர்ந்திருக்கும் என்றார் ஒருவர், கேஸ் இல்லை கம்ப்ரஸர் என்றார் இன்னொருவர், பந்தல்குடி ரோட்டில் ஒரு நல்ல மெக்கானிக் இருக்கிறான் என்றார்கள், வேறு வண்டியே பேசிவிடலாமே என்றார்கள், படத்தில் இந்த வண்டிதான் வருகிறது, அதை எப்படி மாற்ற முடியும் என்றார்கள், ஜோசியர்கூட வாகன ஸ்தானத்தைப் பற்றி ஏதோ சொன்னார். கூட்டத்தோடு வந்திருந்த பருத்திக்கடை வீட்டுப் பெரியத்தை மட்டும், இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று கொட்டியிருந்தால் வேட்டி கறைபடாது என்று ஆரத்தி சுற்றினவர்களைக் குறை சொன்னாள். நிஜ ராஜாமணிக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

"நான் சத்தமா பேசிட்டேன் போலருக்கு" என்றார். "வெயில் அப்படி. சரி விடுங்க, முடிஞ்சுபோனதைப் பேசி என்ன ஆகப்போகுது? அதை மட்டும் வெட்டிடும்மா."

"முடிஞ்சுபோகல பெரியப்பா" என்றாள் பாண்டீஸ்வரி. "இன்னும் நடக்கவே இல்ல."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. ஏசிய சரி பண்ணிட்டா நடக்காதுல்ல?"

"ஏசி ஓடுச்சுன்னா காப்பி ஆறிரும். காப்பி சூடா இருந்துச்சுன்னா தலகாணி பத்தாது. முந்நூறு கல்யாணம் வெட்டியிருக்கேன் பெரியப்பா. எனக்குத் தெரியாத காரணமா?"

கோகுலன், "ம்ம்" என்றான்.

"படத்துல வந்தது வந்ததுதானத்தா" என்றாள் பெரியத்தை, ஆறுதலாக. "எல்லா வீட்லயும் பொண்ணப் பெத்தவுக குனியத்தான் செய்றாக. உனக்குத் தெரியாததா? நீ பூவப் போட்டு விட்டுரு, அழகா இருக்கும்."

அதுதான் பாண்டீஸ்வரிக்குத் தாங்கவில்லை. அவள் அழ ஆரம்பித்தாள், தேம்பித் தேம்பி, தானே வெட்டியெறியக்கூடிய விதமாக. அப்பாவைப் பார்க்க அவளுக்கு முகம் இல்லை. அந்த இரண்டு விரலை அவரும் பார்த்துவிட்டாரே.

சோலையப்பன் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தார். திரையில் அவர் இன்னும் மண்டி போட்டிருந்தார். அதையே கொஞ்ச நேரம், ஏறின ஆளுக்கு எந்த ஊர் டிக்கெட் என்று பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு முப்பத்தோரு வருஷம் மதுரை ரூட்டில் நூற்றிருபது தலையைத் தாண்டி டிரைவர் காதுக்குப் போன அந்தக் குரலில், கோபமில்லாமல், சொன்னார்:

"இறங்குறவுகல்லாம் இறங்கிக்கலாம்."

யாருக்கும் முதலில் புரியவில்லை. "சம்பந்தி, உக்காருங்க, பேசுவோம்" என்றார் ராஜாமணி.

"நான் உக்காருறது இல்லைங்க. ஸ்டாப்பு வந்துருச்சு. பாத்து இறங்குங்க, படி உசரம்."

ஒன்பது பேரும் எழுந்தார்கள். தாம்பாளத்தை யார் எடுப்பது என்று ஒரு சின்னக் குழப்பம் வந்தது, பேச்சியம்மாள் சுட்ட பலகாரத்தை ஒரு பையில் கட்டி அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டாள். கடைசி ஆள் வாசல்படி தாண்டிய அந்த நொடியில், காய்ந்துபோன சந்தனத்தின் கீழே பதினொன்றில் ஓடிக்கொண்டிருந்த பிராசஸர், வாங்கின அன்றைக்கு இருந்த இயல்புக்குத் திரும்பியது. போர்டில் வெறும் மேனியாக நின்ற சில்லுகளில் ஒன்று பட்டாசாக வெடித்தது, திரை கறுத்தது, புகை எழுந்து ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. கடைக்காரர் சொன்னது பலித்தது என்பதில் அவருக்குப் பிற்பாடு அவ்வளவு சந்தோஷம்.

தெரு மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோனதைப் பற்றி அவர்களுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் படத்தில் வந்தது எப்படி நடக்காமல் போகும் என்ற கவலை அதைவிடப் பெரிசாக இருந்தது, இனிமேல் பாயசம் எத்தனை லிட்டர் போடுவது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்ற கவலை அதைவிடவும் பெரிசாக இருந்தது. முருகேசபாண்டி, காரணம் தெரிந்தே, எல்லாரையும் முறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மெல்ல மெல்லக் கூட்டம் கலைந்தது.

பாண்டீஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டு டேபிள் ஃபேனை நிறுத்தினாள். அறையில் பழைய வெக்கை திரும்பி வந்திருந்தது. அப்பா அவளுக்குப் பின்னால் வந்து, கறுத்த திரையைக் குனிந்து பார்த்தார்.

"இப்ப என்னத்தா தெரியுது?"

"ஒண்ணும் தெரியலப்பா."

"பூவு?"

"பூவும் இல்ல."

சோலையப்பன் தலையை ஆட்டிக்கொண்டார். கையில் காப்பியோடு வந்து நின்ற பேச்சியம்மாளிடம் தம்ளரை வாங்கினார். குடிப்பதற்கு முன், யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தன் வேட்டியை முழங்கால் பக்கம் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். வெள்ளையாகத்தான் இருந்தது.